கோழி நொண்டினால் என்ன செய்வது?

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)



கல்வராயன் மலை ஊர்களில் நாட்டுக்கோழி திரியாத தெருவைப் பார்ப்பது அரிது. இங்கே கள்ளக்குறிச்சியில், நம் குடியிருப்பிலும் சில பிள்ளைகள் ஆசையாகக் கோழி வளர்க்கிறார்கள். அதற்குக் கால் ஒடிந்ததும் பெரியவர்கள் "குழம்பு வைத்துவிடலாம்" என்கிறோம். பிள்ளைக்கோ அது தான் பெயர் வைத்த கோழி.

முதலில் காரணத்தைப் பாருங்கள். காலில் நூலோ தலைமுடியோ இறுக்கியிருந்தால் மெதுவாக வெட்டி எடுங்கள். பாதம் வீங்கி, அடியில் கறுப்புப் பொருக்கு இருந்தால் உள்ளே சீழ் இருக்கலாம். காயமே இல்லாமல் காலை இழுத்து, கழுத்து திருகி, பச்சையாகக் கழிந்தால் வெள்ளைக்கழிச்சல் நோயாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எதுவானாலும் கோழியைத் தனியே வையுங்கள். ரத்தத்தைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தும். அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, தீனியும் தண்ணீரும் எட்டும்படி வைத்தால் போதும். முறிந்த எலும்பை மருத்துவர் கட்டிவிட்டால் பெரும்பாலும் மூன்று வாரத்தில் கூடிவிடும்.

நாம் விழுங்கும் வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்ற டைக்ளோபினாக் மருந்தை 2006-ல் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். கோழிக்கும் அது ஆகாது. ஆன்டிபயாடிக் கொடுத்தால், மருத்துவர் சொல்லும் நாள்வரை அதன் முட்டையைச் சாப்பிடாதீர்கள்.

அரசு கால்நடை மருந்தகத்தில் கோழியையும் பார்ப்பார்கள். அவசர உதவி எண் 1962.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பால்கனியில் கட்டுப்போட்ட கோழி இருந்தால் மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தினமும் சுத்தம் செய்வதும், சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் வளர்ப்பவர் பொறுப்பு.