கருவியின் எல்லையை அறிதல்

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர வகுப்பு மாணவியருக்காக நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)



தகவல் தொழினுட்பத் துறைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு நான் பேச வேண்டும் என்று சங்கத்தினர் கேட்டபோது, இதற்கு வைத்தியர் எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் கேட்டது சரி. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் நிரலாளர்கள் எழுதியதை நம்பித்தான் நாள்தோறும் வேலை செய்கிறேன். இரத்தப் பரிசோதனை அறிக்கை, ஸ்கேன் படம், மருந்தை அளவாகச் செலுத்தும் பம்ப், கட்டிலருகே நாடித் துடிப்பைக் காட்டும் திரை, இவை எல்லாவற்றுக்கும் பின்னால் முகம் தெரியாத ஒருவரின் நிரல் இருக்கிறது. திரையில் தெரியும் எண்ணைப் பார்த்து நான் மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறேன். நோயாளர் அந்த நிரலாளரை ஒருநாளும் சந்திக்கப் போவதில்லை.

ஆகவே நோயாளரின் பக்கத்தில் நின்று ஒரு கேள்வி கேட்கிறேன். நிரலாளர் ஒருவர் தன் மொழியையும் கருவிகளையும் எவ்வளவு ஆழமாகக் கற்க வேண்டும்? இன்றைய வேலை ஓடினால் போதுமா?

1980களில் கனடாவில் தயாரான தெராக்-25 என்ற கதிர்ச் சிகிச்சை இயந்திரம் புற்றுநோயாளருக்குப் பயன்பட்டது. 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளர்களுக்கு அதிலிருந்து அளவுக்கு மிஞ்சிய கதிர் பாய்ந்தது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். முந்திய மாதிரிகளில், இயந்திரம் பிழையான நிலையில் இருந்தால் கதிரை நிறுத்துவதற்குத் தனியான வன்பொருள் தடைகள் இருந்தன. தெராக்-25 இல் அந்தக் காவல் வேலையின் பெரும்பகுதி மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்த மென்பொருளில் இருந்த வழுக்களில் ஒன்றை உயர்தரத்தில் கணினி படிக்கும் எந்தப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளலாம். இயந்திரத்தின் பாகங்கள் உரிய இடத்தில் இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை ஒரு மாறி சொன்னது. பெறுமானம் சைபர் என்றால் சோதனை வேண்டாம்; வேறு எந்த எண் என்றாலும் சோதிக்க வேண்டும். சோதனை தேவை என்று குறிப்பதற்கு, நிரல் ஒவ்வொரு சுற்றிலும் அந்த மாறியுடன் ஒன்றைக் கூட்டியது. மாறியின் அளவோ ஒரே ஒரு பைட். எட்டு பிட்டில் 255 இற்கு மேல் இடமில்லை. பழைய காரின் மைல்மானி 99,999 ஐத் தாண்டியதும் சைபருக்குத் திரும்புவதைப் போல, 256 ஆவது சுற்றில் மாறி சைபராகியது. அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தினால் சோதனை நடக்காது. 1987 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா நகரில் அதுவே நடந்தது. கூட்டுவதற்குப் பதிலாக மாறிக்குள் சைபரல்லாத நிலையான ஓர் எண்ணை இட்டிருந்தால் போதும். பின்னர் செய்த திருத்தமும் அதுதான்.

விபத்துகளுக்கு வேறு காரணங்களும் இருந்தன. மென்பொருளின் மேல் வைத்த மிதமிஞ்சிய நம்பிக்கை அவற்றில் முக்கியமானது. ஆயினும் ஒரு பைட் எங்கே முடிகிறது என்பதை அந்த இடத்தில் ஒருவர் நினைத்திருந்தால், இந்த ஒரு வழி அடைபட்டிருக்கும்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2020 இல், கோவிட் காலத்தில், இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் ஆய்வுகூடங்களிலிருந்து வந்த முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்புகளில் ஏற்றியது. அந்த வகைக் கோப்பில் 65,536 வரிகள்தான் கொள்ளும். மிகுதி வரிகள் உள்ளே வரவில்லை. செப்டெம்பர் 25 இற்கும் ஒக்டோபர் 2 இற்கும் இடையில் 15,841 தொற்றாளர்கள் நாளாந்தக் கணக்கில் சேராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் நாட்கணக்கில் பிந்தியது. புதிய வகைக் கோப்பில் 1,048,576 வரிகள் கொள்ளும். எக்செல்லைத் திறந்து பயன்படுத்தத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். அதன் எல்லை எங்கே என்று கேட்டவர்கள் குறைவு.

இரண்டு சம்பவங்களிலும் கருவி தனக்கு விதித்த முறைப்படியே இயங்கியது. எல்லையைத் தொட்டபோது சத்தம் போடவில்லை, அவ்வளவுதான். எங்கள் துறையிலும் நாங்கள் மிகவும் பயப்படுவது வலி காட்டாமல் வளரும் நோய்க்குத்தான்.

"மொழிகளும் கருவிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன, எல்லாவற்றையும் எப்படி ஆழமாகப் படிப்பது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மருந்துகளும் ஆயிரக்கணக்கில் உள்ளன. எந்த வைத்தியருக்கும் எல்லா மருந்தும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 1994 இல் வெளியிட்ட மருந்தெழுதும் கைநூல் இதற்கு ஒரு வழி சொல்கிறது. வழக்கமாக எழுதும் மருந்துகளைத் தெரிந்தெடுத்து ஒரு சிறு பட்டியலாக வைத்துக்கொள். அவற்றின் அளவு, பக்கவிளைவு, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பவற்றைத் தெளிவாக அறிந்துகொள். பட்டியலுக்கு வெளியே உள்ளதை எழுதும்போது புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அதில் வெட்கம் இல்லை.

நிரலாளருக்கும் இதுவே போதும் என்பது என் எண்ணம். ஒரு மொழி, ஒரு தரவுத்தளம், தினமும் கைபடும் இரண்டு மூன்று கருவிகள், இவற்றை அடிவரை படியுங்கள். அடிவரை என்றால் கட்டளைகளை மனனம் செய்வதல்ல. எண் எவ்வளவு பெரிதாகலாம், உள்ளீடு வெறுமையாக வந்தால் என்ன ஆகும், இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடினால் எது முந்தும், பிழை நேர்ந்தால் கருவி சொல்லுமா, சொல்லாமல் விடுமா என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்திருப்பது. ஜாவாவின் சாதாரண முழு எண்ணில் 2,147,483,647 உடன் ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மறை எண் வரும். நீங்கள் வகுப்பில் படிக்கும் பைதனில் முழு எண்களுக்கு அந்த எல்லை இல்லை. ஆனால் அதே பைதனிடம் 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று விடை தரும். இன்றிரவே வீட்டில் செய்து பாருங்கள். ஏன் இப்படி வருகிறது என்பதற்கு விடை தேடும் பிள்ளை, பத்துப் பயிற்சிகளைப் பார்த்தெழுதும் பிள்ளையை விடக் கூடுதலாகக் கற்பாள்.

எவ்வளவு ஆழம் என்பது, பிழைத்தால் யாருக்கு நோகும் என்பதைப் பொறுத்தது. இல்ல மெய்வல்லுநர் போட்டியின் புள்ளிகளைக் காட்டும் நிரல் பிழைத்தால் சிரித்துவிட்டுத் திருத்தலாம். மருந்துப் பம்புக்குள் இருக்கும் நிரலில் அந்த வசதி இல்லை. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கேட்டால் ஒரு நொடியில் நிரல் எழுதித் தருகிறது. இளம் வைத்தியர் எழுதிய மருந்துச் சீட்டில் மூத்த வைத்தியர் கையொப்பமிட்டால், பொறுப்பு மூத்தவருக்கும் உண்டு. அந்தக் கருவி எழுதுவதற்கு நீங்கள்தான் கையொப்பமிடப் போகிறீர்கள்.

தெராக்-25 கதையில் நான் மதிக்கும் இருவர் உண்டு. 1986 இல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் விபத்து நேர்ந்தபோது, திரை "மல்ஃபங்ஷன் 54" என்று மட்டும் சொன்னது. அங்கிருந்த மருத்துவப் பௌதிகவியலாளரும் இயந்திரத்தை இயக்கிய பெண்ணும் அத்துடன் விட்டுவிடவில்லை. திரும்பத் திரும்ப முயன்று, விவரங்களை மிக வேகமாகத் திருத்தும்போதுதான் அந்தப் பிழை நேர்கிறது என்பதைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். அவர்கள் அந்த நிரலை எழுதியவர்கள் அல்லர். கையிலிருந்த கருவி ஏன் இப்படிச் செய்கிறது என்று விடாமல் கேட்டவர்கள்.

கொழும்பிலும் லண்டனிலும் டொரொன்டோவிலும் மெல்பேர்னிலும் இத்துறையில் இருக்கும் எங்கள் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டுக்கு நாங்கள் கணினிகளை அன்பளிப்புச் செய்வது நல்லது. அதோடு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணித்தியாலம், இணையவழியில் இப்பிள்ளைகளோடு இருங்கள். புதிய மொழி எதையும் கற்பிக்க வேண்டாம். அவர்களுக்குத் தெரிந்த ஒன்றின் உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டுங்கள்.

தங்கைமாரே, உங்களில் ஒருவர் எழுதும் நிரல் ஒருநாள் ஏதோ ஒரு வைத்தியசாலை விடுதியில், நள்ளிரவில், ஒரு தாதியின் கண்முன் ஓர் எண்ணைக் காட்டும். அவர் அதை நம்புவார். அந்த நம்பிக்கைக்குத் தகுந்த அளவு கற்றுக்கொள்ளுங்கள்.

எங்கள் கல்லூரி அன்னை நீடு வாழ்க.