அம்மம்மாவின் சைக்கிள்

தமிழ் மரபிலே தன் எண்ணப்படி வழிநடந்த பெண் யார் என்று கேட்டால் ஔவையின் பெயரைத்தான் முதலில் சொல்வோம். அவரைப் பற்றிச் செவிவழிக் கதையொன்று உண்டு. இளம்பெண்ணாக இருந்தவருக்கு வீட்டார் கலியாணம் பேசினார்கள். அவரோ பிள்ளையாரை வேண்டி முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு கோலை ஊன்றியபடி நாடெல்லாம் நடந்தார். எங்கே போகிறாய் என்று ஒருவரும் அவரை மறிக்கவில்லை. காரைக்கால் அம்மையாரும் அழகிய உடலை உதறிப் பேயுருப் பெற்ற பிறகே கயிலைக்குப் பயணமானார் என்று பெரியபுராணம் சொல்கிறது. ஒரு பெண் தனியே பாதையில் இறங்க இளமை தடை; முதுமையோ அனுமதிச் சீட்டு. நம் முன்னோர் அப்படித்தான் கருதியிருக்கிறார்கள்.

இன்று நம் ஊர்களில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஓட்டமாவடியிலும் வாழைச்சேனையிலும் காலை வேளையில் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். கலியாணமானதும் அவர்களிற் பலருடைய சைக்கிள் தம்பிக்கோ தங்கைக்கோ கைமாறிவிடுகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணொருத்தி கடைத்தெருவுக்குச் சைக்கிளில் வந்தால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்று இதில் பேதமில்லை.

இந்த எண்ணம் எனக்கு ஊரில் இருந்தபோது வரவில்லை. உறவினர் அழைப்பின் பேரில் நெதர்லாந்துக்குப் போயிருந்த சில கிழமைகளில்தான் வந்தது. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தரின் நாடு அது. ஊட்ரெக்ட் நகரத்துச் சந்தையடியில் நின்றபோது, எழுபது வயதுக்குக் குறையாத மூதாட்டிகள் சைக்கிளில் வந்து இறங்குவதைக் கண்டேன். கரியரின் இரு பக்கமும் தொங்கும் பைகளில் மரக்கறியும் பாணும் பூங்கொத்தும். மழை தூறியது, மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர்கள் பாட்டுக்குப் போனார்கள். என்னைத் தவிர அவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தச் சைக்கிளுக்கு அங்கே வழங்கும் பெயர் 'ஓமாஃபீட்ஸ்'. ஓமா என்றால் பாட்டி. ஃபீட்ஸ் என்றால் சைக்கிள். குறுக்குக் கம்பி இல்லாமல், நிமிர்ந்து உட்கார வசதியாக, பாவாடை சில்லில் சிக்காதபடி மறைப்பு வைத்துச் செய்தது. தமிழ் ஆசிரியனான எனக்கு அந்தச் சொல் மனதில் தைத்தது. நாம் அரசாங்கப் படிவத்தில் துவிச்சக்கரவண்டி என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டார் மிதிவண்டி என்கிறார்கள். வாயில் வருவது சைக்கிள். இத்தனை பெயர் வைத்த நாம் அம்மம்மாவையும் சைக்கிளையும் ஒரே சொல்லில் சேர்த்துப் பார்த்ததில்லை.

அவர்கள் பிறவியிலேயே அப்படி என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அங்கேயும் கார்கள் பெருகிச் சைக்கிளை ஓரந்தள்ளின. 1971ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3,300 பேர் வீதி விபத்துகளில் இறந்தார்கள். அவர்களில் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. அதன் பிறகே சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் நாடெங்கும் பரவின. குழந்தைகளுக்காகக் கேட்டு வாங்கிய பாதையில் இன்று பாட்டிமாரும் போகிறார்கள்.

நான் தங்கிய வீட்டு அம்மாவும் அப்படி ஒருவர். அறுபதைக் கடந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்கு எரிபொருள் போகாமல் தடைப்பட்ட காலத்தில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாள்தோறும் சைக்கிளில் படிப்பிக்கப் போனவர். அக்காலத்தில் ஆசிரியைகள், தாதிமார், மாணவிகள் எல்லோருக்கும் சைக்கிள்தான் கால். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது குடும்பத்தின் எஞ்சிய உடைமையைச் சுமந்ததும் அதுவே. "அங்க வேற வழியில்லாமல் ஓடினனான் தம்பி. இஞ்ச ஆசைக்கு ஓடுறன்" என்றார் அந்த அம்மா.

அந்த இரண்டு வசனங்களில் நம் நோய் இருக்கிறது. சைக்கிளை நாம் கஷ்ட காலத்து வாகனமாகவே வைத்திருக்கிறோம். யுத்தத்தில் ஏறினோம். 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்ற மாதங்களில் மறுபடியும் தூசு தட்டி எடுத்தோம். வரிசை குறைந்ததும் பலரது சைக்கிள் பழைய மூலைக்கே போய்விட்டது. கஷ்டம் தீர்ந்ததன் அடையாளம் சைக்கிளைக் கைவிடுவது என்றால், வயதான தாயைச் சைக்கிளில் விடுவது பிள்ளைகளுக்கு மானக்கேடாகத் தோன்றாமல் வேறென்ன செய்யும்?

கஷ்டத்துக்கு வெளியேயும் தமிழ்ப் பெண்கள் சைக்கிளைத் தழுவிய வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தது. அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. விவசாயக் கூலிகள், கல்லுடைக்கும் பெண்கள், கிராமத்துத் தாதிமார் என ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஓட்டப் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்களின் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை இருத்த வசதி என்றார்கள். பஸ்ஸுக்கும் வீட்டு ஆணுக்கும் காத்திராமல் நினைத்த நேரத்தில் புறப்படலாம் என்பதே அவர்கள் கண்ட பெரிய இலாபம்.

அந்த இலாபம் முதுமையில் இன்னும் பெரிது. எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். சேவைக்காலம் முழுவதும் லுமாலா சைக்கிளில் போய்வந்தவர். ஓட்டமாவடிப் பழைய இரும்புப் பாலத்தில் ரயிலும் வாகனமும் ஒரே வழியில் போன காலத்தில், ரயில் போகட்டும் என்று சைக்கிளோடு காத்து நின்றவர். ஓய்வுபெற்றதும் வெளிநாட்டுப் பிள்ளைகள், "வயது போன நேரத்தில் சைக்கிள் வேண்டாம், ஓட்டோவில் போங்க அம்மா" என்று காசு அனுப்பினார்கள். பாசத்தில் சொன்னதுதான், குறை சொல்ல முடியாது. அவரும் கேட்டுக்கொண்டார். இப்போது ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் கலியாண வீட்டுக்கும் ஓட்டோவில் போகிறார். வாசிகசாலைக்குப் போவதில்லை. பின்னேரங்களில் பழைய சிநேகிதியின் வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் இருந்துவிட்டு வருவதும் இல்லை. "அதுக்கெல்லாம் ஓட்டோ பிடிக்கலாமா சேர்?" என்று என்னிடமே கேட்டார்.

ஓட்டோ நம்மை அவசியத்துக்கு ஏற்றிச் செல்லும். ஆசைக்கு ஏற்றிச் செல்வது சைக்கிள். அதை வாங்கி வைத்துவிட்டால் முதுமையில் எஞ்சுவது மருந்தும் சடங்கும் மாத்திரமே.

ஆபத்து இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. விழுந்தால் முதிய எலும்பு எளிதில் பொருந்தாது. நெதர்லாந்திலும் சைக்கிள் விபத்துகளில் இறப்போரில் முதியவர் பங்கு பெரிது. அதற்காக அவர்களை வீட்டில் இருத்தவில்லை, பாதையைத் திருத்துகிறார்கள். நம் பிரதான வீதிகள் காப்பெட் வீதிகளாக அகன்றிருக்கின்றன. பஸ்ஸும் லொறியும் பறக்கின்றன. ஓரத்தில் போகும் சைக்கிள் நடுங்குகிறது. வாவிக்கரை ஊர்கள் ஒல்லாந்து போலவே மட்டமான நிலம். மேடேற வேண்டிய சிரமம் இல்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் வாசிகசாலைக்கும் போகும் உள்வீதிகளிலாவது ஒரு முழ அகலத்தைச் சைக்கிளுக்கென்று கோடிட்டு விடலாம். பிரதேச சபைகளுக்கு இது தாங்க முடியாத செலவாக இராது.

ஊர் வாயைத் திருத்தக் கோடும் வேண்டாம், செலவும் வேண்டாம். அடுத்த முறை நரைத்த தலையோடு ஓர் அக்காவோ மாமியோ சைக்கிளில் போகக் கண்டால், "இந்த வயதில் என்னத்துக்கு?" என்று கேளாதிருப்போம். வழிவிட்டு ஒதுங்குவோம். முதுமை கேட்டு வாங்கிப் பாதையில் இறங்கிய ஔவைக்கு நம் முன்னோர் விட்ட வழி அது.