ஈகை வேறு, நீதி வேறு

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

"தொழில் நிறுவனங்களும் மனித உரிமைகளும்" என்னும் பொருளில் உரையாற்றுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். பள்ளி ஆசிரியனுக்கும் இப்பொருளுக்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவலாம். என் பள்ளியில் நிகழ்ந்த ஒன்றைக் கூறினால் அது விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நூற்பாலையினர் எம் பள்ளிக்கு 20 பெஞ்சுகள் அளித்தனர். மாலை அணிவித்து நன்றி கூறினேன். அதே ஆண்டில் மாணவியர் மூவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, அவ்வாலையின் விடுதிக்குச் சென்றனர். மூன்றாண்டு உழைத்தால் திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்று பெற்றோரிடம் கூறப்பட்டிருந்தது. ஒருத்தி பதினான்கு மாதங்களில் நோயுற்றுத் திரும்பினாள். கெடு முடியவில்லை எனக் கூறி, அத்தொகை அவளுக்கு மறுக்கப்பட்டது. பெஞ்சு வந்தது, அதில் அமர்ந்து படிக்க வேண்டிய பிள்ளை போய்விட்டாள். அன்று நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதை இம்மன்றத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

2011 ஜூன் திங்களில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பேரவை, தொழில் நிறுவனங்களுக்கென 31 வழிகாட்டு நெறிகளை ஒருமனதாக ஏற்றது. அவற்றின் சாரம் மூன்று. மக்களின் உரிமைகளைக் காப்பது அரசின் கடமை. அவ்வுரிமைகளை மதித்து நடப்பது நிறுவனத்தின் பொறுப்பு. பாதிக்கப்பட்டோர்க்குப் பரிகாரம் கிடைத்தாக வேண்டும். அரசு கண்ணயர்ந்தாலும் நிறுவனத்தின் பொறுப்பு நீங்காது. நற்பணிகள் செய்வதால், உரிமையை மீறிய குற்றம் ஈடாகிவிடாது என்பதும் அந்நெறிகளின் விளக்கத்தில் உண்டு.

நம் நாட்டில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பெரிய நிறுவனங்கள் தம் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நல்லதே. ஆயினும் அது ஈட்டிய லாபத்தைச் செலவிடும் முறை பற்றியது. அந்த லாபம் எவ்வாறு ஈட்டப்பட்டது என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

இவ்வினா நமக்குப் புதிதன்று. பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி மிகுந்த நெசவுப் பகுதி தீண்டப்படாதோர்க்கு மூடப்பட்டிருந்தது. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டியிருந்ததால், தீட்டு என்று பிற தொழிலாளர் தடுத்தனர். முதலாளிகளும் அதனை மாற்றவில்லை. 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இவ்வநீதியை எடுத்துரைத்தார். பின்னர் அவர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோதுதான், 1946இல், தொழிற்சாலைகளில் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது.

நம் காலத்துச் சான்றும் உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய தலித் இளம்பெண் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தொழிற்சங்கம் ஓயாது போராடியது. 2022இல் ஆடை உற்பத்தி நிறுவனமும், அதனிடம் சரக்கு வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனமும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. பாலியல் தொல்லையையும் சாதிப் பாகுபாட்டையும் தடுக்கப் பெண் தொழிலாளரே கண்காணிப்பாளராயினர். உற்பத்தியாளர் சொல் தவறினால், வாங்குவோர் வணிக நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று அவ்வொப்பந்தங்கள் விதித்தன. இது எவரும் இரங்கி ஈந்ததன்று. அமைப்பாய்த் திரண்டு பெற்றது.

அன்பர்களே! நம் சங்க விடுதிக் கட்டடத்திற்கு ஓர் ஆலை நன்கொடை தர முன்வந்திருப்பதாக அறிகிறேன். வேண்டாம் என்று நான் கூறவில்லை. பெறுமுன் செயற்குழு மூன்று வினாக்களைக் கேட்கட்டும். உங்கள் ஆலையில் உழைக்கும் எம் பெண்களின் வயது என்ன? மாதந்தோறும் முழுக்கூலி அவர்கள் கைக்குச் சேர்கிறதா? குறை நேர்ந்தால் அச்சமின்றி முறையிட அவர்கட்கு வழி உண்டா? நேர்மையான விடை தருவோரின் கரத்தை நன்றியுடன் பற்றுவோம். விடை தர மறுப்போரின் பணத்தில் எழும் கட்டடத்தில் நம் பிள்ளைகள் தலைநிமிர்ந்து படிக்க இயலாது.

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நமக்கு எழுத்தறிவித்தது, இக்கேள்விகளைக் கேட்கும் துணிவைப் பெறுவதற்காகவே. நான் கேட்கத் தவறியதை நீங்கள் கேளுங்கள்.