விழாவும் வியாபாரமும்



வியாபார ஸ்தாபனங்கள் எடுக்கும் விழாக்களில் மாலைக்கும் மேடைக்கும் ஆன செலவை நாம் கணக்கெழுதுகிறோம்; சரக்கு விசாரித்தவர் யார் என்பதை எழுதுவதில்லை.

ஜெர்மனியின் லைப்சிக் நகரிலே பல நூற்றாண்டுகளாக வணிகர் பொதிபொதியாகச் சரக்கைக் கொணர்ந்து சந்தையிலேயே விற்றனர். புகையிரதம் வந்தபின் அந்த முறை தளர்ந்தது. அவர்கள் பந்தலைப் பெரிதாக்கவில்லை. சந்தையின் முறையையே மாற்றினர். 1895இல் மாதிரிச் சந்தை கூடியது. மாதிரியை மட்டும் காட்டி, ஓடர் பெற்று, சரக்கைப் பின்னர் அனுப்பினர்.

நாம் அண்மையில் சென்ற ஒரு விழாவிலோ ஐந்து வரவேற்புரைகள்! வாங்க வந்தவர் மூன்றாவது உரையிலேயே பஸ்ஸுக்கு எழுந்துவிட்டார். மாதிரிகள் மேடைக்குப் பின்னால் பெட்டியிலே கிடந்தன.

அடுத்த விழாவில் வாசலிலேயே மாதிரி மேசையும், விலை சொல்லத் தெரிந்த ஒருவரும், விலாசம் குறிக்க ஒரு கொப்பியும் இருக்கட்டும். அந்த விலாசங்களுக்கு ஒரு வாரத்துக்குள் கடிதம் எழுதுபவர் யார் என்பதை அழைப்பிதழ் அச்சிடுமுன்பே தீர்மானித்துக்கொள்வோம்.