யமாஷிதா: வீரரும் ஆசானும்



இவ்வெள்ளி விழாவில் விளையாட்டைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். விளையாட்டு என்றதும் பந்தையே நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு, ஜப்பானிய ஜூடோ வீரர் யாசுஹிரோ யமாஷிதாவின் வரலாற்றைக் கூற விழைகின்றோம். பழைய போர்க்கலையாகிய ஜூஜுட்சுவிலிருந்து ஜூடோவை வகுத்து, 1882-இல் கொடோகான் என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவிய ஜிகோரோ கானோ, ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரிக்குத் தலைவராய் இருந்தவர். ஆதலின் கல்விக் கழக மேடையில் இப்பேச்சு அந்நியமன்று.

1957-இல் குமாமோட்டோ மாநிலத்தில் பிறந்த யமாஷிதா, உடல் பருத்த முரட்டுச் சிறுவர். அவருக்கு அஞ்சி, உடன் படித்த பிள்ளை பள்ளிக்கு வர மறுத்ததும் உண்டு. அம்முரட்டுத்தனத்தை நெறிப்படுத்தவே வீட்டார் அவரை ஜூடோவில் சேர்த்தனர். முரட்டுப் பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்பும் வீடுகளை நாம் அறிவோம். அவ்வீட்டாரோ ஓர் ஆசானைத் தேடினர்.

1977 முதல் 1985 வரை ஒன்பது முறை தொடர்ந்து அனைத்து ஜப்பான் சாம்பியன். நான்கு உலகப் பட்டங்கள். இடையில் சில சமன்கள் நீங்கலாகத் தோல்வியே இன்றி 203 வெற்றிகள். ஆயினும் 1980-இல், மாஸ்கோ ஒலிம்பிக்கை ஜப்பான் புறக்கணித்தது. உலகில் தமக்கு நிகரில்லாத இருபத்து மூன்று வயதில், அரசுகளின் பூசலால் வாயில் அடைக்கப்பட்டது. மேலும் நான்காண்டுகள் காத்திருந்தார்.

1984 ஆகஸ்டு 11, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். இரண்டாம் ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியின் ஷ்னாபலை வென்றபோதே வலக் கெண்டைக்கால் தசை கிழிந்தது. ஜூடோவில் ஒரு காலை ஊன்றியே மறுகாலால் எதிரியை வீழ்த்த வேண்டும். ஊன்றும் கால் போயிற்றென்றால் வித்தையில் பாதி போயிற்று. அரையிறுதியில் பிரான்சின் டெல் கொலம்போ தொடக்கத்திலேயே அவரைத் தள்ளிப் புள்ளி பெற்றார். யமாஷிதா மீண்டெழுந்து வென்றார். இறுதியில் எகிப்தின் முகமது ரஷ்வானைத் தரையில் அமுக்கிப் பிடித்துத் தங்கம் பெற்றார். பரிசு மேடையேற நொண்டி வந்தவருக்குக் கை கொடுத்தவர், தோற்ற ரஷ்வானே.

1985-இல் ஓய்வு பெற்றார். 1992 முதல் 2000 வரை ஜப்பான் ஆடவர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். எமக்கு அவருடைய பதக்கத்தினும் இக்காலமே பெரிதாகத் தோன்றுகிறது. தம் உடலால் வெல்வது ஒன்று. பிறர் தோற்கக் கண்டு நிற்பது வேறு.

2000-இல் சிட்னி நகரில் அது நிகழ்ந்தது. இறுதியாட்டத்தில் பிரான்சின் டூயே வீசிய பிடியைத் திருப்பி அவரையே வீழ்த்தினார் ஷினோஹாரா. பக்க நடுவர் ஒருவர் அதற்கு முழுவெற்றி தந்தார். மற்றவரும் முதன்மை நடுவரும் டூயேவுக்கே புள்ளியிட்டனர். யமாஷிதா கடுமையாக வாதிட்டார். நடுவர்கள் களத்தை விட்டு இறங்கியபின் தீர்ப்பு மாறாது என்றது விதி. வெள்ளி பெற்ற ஷினோஹாராவோ, தம் வலிமைக் குறைவே காரணம் என்றார். நாமாயின் அவ்வாறு சொல்லியிருக்கமாட்டோம். பயிற்சியாளர் வாதிட்டதே முறை என்பது எம் கருத்து. அநீதியைக் கண்டு ஆசான் வாய் மூடினால் மாணவனுக்கு வேறு யார் பேசுவர்?

அதே சிட்னியில், முந்தைய ஆண்டு மறைந்த தம் தாயின் படத்தை ஏந்தித் தங்க மேடையில் நின்றார் கோசெய் இனோவே. தோக்காய் பல்கலைக்கழகத்தில் யமாஷிதாவிடம் பயின்றவர் அவர். 2012 லண்டனில் ஜப்பான் ஆடவர் ஒரு தங்கமும் இன்றித் திரும்பியபின், அணியைப் பயிற்றும் பொறுப்பு இனோவேயிடம் வந்தது. 2016 ரியோவில் ஆடவர் எடைப்பிரிவு ஏழிலும் அவருடைய மாணவர்கள் பதக்கம் பெற்றனர்.