கைப்பிள்ளையோடு வீடு திரும்பும் நாள்

(பதுளை மாவட்டத்தில் இடைத்தங்கல் முகாமொன்றில் இருந்து தோட்டங்களுக்குத் திரும்பவிருந்த குடும்பங்களுக்குத் தாய் சேய் நலத் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரை)

பின்னால் நிற்கிற அப்பாமார் கொஞ்சம் முன்னுக்கு வாங்க. இது பெண்களுக்கு மட்டும் உள்ள கதை இல்லை. லொறி பிடிக்கிறதும் சாமான் ஏற்றுகிறதும் நீங்கள்தானே.

திரும்பிப் போகும் திகதி வந்துவிட்டது. சந்தோசமும் பயமும் சேர்ந்துதான் இருக்கும். இத்தனை நாள் ஒரே மண்டபத்தில், சேலையைத் திரையாகக் கட்டி, பிள்ளையைத் தூங்கவைத்தீர்கள். இனி சொந்தக் கதவு, சொந்த அடுப்பு. ஆனால் அந்தக் கதவைத் திறப்பதற்கு முன் ஒரு நாள் பயணம் இருக்கிறது. மலைப்பாதை, மழை, குளிர். மடியில் ஒரு கைப்பிள்ளை, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னது. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் என் கதை ஒன்று. என் மூத்தவனுக்கு எட்டு மாதம் இருக்கும்போது நாங்களும் இப்படி ஒரு இடம் விட்டு இடம் போனோம். வழியில் அழுவானே என்று காலையிலேயே பால்மாவைக் கரைத்து பிளாஸ்க்கில் ஊற்றி வைத்தேன். சூடு ஆறாமல் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். நாலைந்து மணித்தியாலம் கழித்து அதைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தேன். அன்று இரவே வயிற்றோட்டம். விடியும்போது கண் குழி விழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். நல்ல காலம், காப்பாற்றிவிட்டார்கள். இளஞ்சூட்டில் இருக்கிற பாலில்தான் கிருமி வேகமாகப் பெருகும் என்று அங்கேதான் எனக்குச் சொன்னார்கள். அன்றைக்கு என் பெட்டியில் பித்தளைக் குத்துவிளக்குகூட இருந்தது. ஒரு ஜீவனி பைக்கற் இருக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: எவ்வளவு கட்டினோம் என்பது பெரிதில்லை. எது எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிது. சாமான்களை மூன்றாகப் பிரியுங்கள். உடம்போடு இருப்பது ஒன்று. கையில் இருப்பது ஒன்று. லொறியில் போவது ஒன்று.

உடம்போடு இருப்பது

இது ஒரு சின்னப் பை. தாயின் தோளில் குறுக்காக மாட்டியிருக்க வேண்டும். லொறியில் போடக்கூடாது, பிள்ளையிடம் கொடுக்கக்கூடாது, “கொஞ்சம் பிடிங்க” என்று பக்கத்து ஆளிடமும் கொடுக்கக்கூடாது.

அதற்குள் பிள்ளையின் கிளினிக் கொப்பி, பிறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், முகாமில் தந்த குடும்பப் பதிவுக் கடிதம், வங்கிப் புத்தகம், கொஞ்சம் சில்லறைப் பணம். எல்லாவற்றையும் பொலித்தீன் உறையில் போட்டு வாயை இறுகக் கட்டுங்கள். கிளம்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கிற ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். போன் நனைந்து போனாலும் படம் இருக்கும்.

கிளினிக் கொப்பியை ஏன் முதலாவதாகச் சொல்கிறேன்? நம்முடைய நாட்டில் பிறந்தவுடன் ஒரு ஊசி. பிறகு 2, 4, 6 மாதங்களில், 9 மாதத்தில், 12 மாதத்தில், 18 மாதத்தில், 3 வயதில் என்று வரிசையாகத் தடுப்பூசி இருக்கிறது. எது போட்டாச்சு, எது பாக்கி என்பது அந்தக் கொப்பியில்தான் எழுதியிருக்கும். பிள்ளையின் நிறை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் அதில்தான் தெரியும். கொப்பி தொலைந்தவர்கள் இருந்தால் வெட்கப்படாமல் இன்றைக்கே சொல்லுங்கள். ஊசி போட்ட கிளினிக்கின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்துப் புதுக் கொப்பி எழுதலாம். இடம் மாறிய பிறகு அந்த வேலை கஷ்டம்.

முகாமில் இருக்கும்போது பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். அலைச்சலில் விட்டுப்போயிருந்தால், “அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று விடாதீர்கள். பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரி எந்தப் பிரிவில் இருக்கிறதோ அந்தப் பிரிவுப் பதிவாளரிடம்தான் பதிய வேண்டும். இங்கிருந்து போனபின் அதற்காக இரண்டு பஸ் ஏறி வரவேண்டியிருக்கும். ஒரு நாள் சம்பளமும் போய்விடும். பேர்ப்பதிவு இல்லாததால் நம் தாத்தா பாட்டி காலத்தில் எத்தனை பேர் நாடில்லாதவர்களாக நின்றார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கையில் இருப்பது

இது பயண நாளுக்கான பை. ஒரு நாளுக்கு வேண்டியதைவிட ஒரு மடங்கு கூடுதலாக வையுங்கள். மண் விழுந்து பாதை மறித்தால் மூன்று மணித்தியாலப் பயணம் எட்டு மணித்தியாலம் ஆகலாம்.

கைப்பிள்ளைக்கு மூன்று மாற்று உடுப்பு, எட்டுத் துணி நெப்கின், தொப்பி, காலுறை, கம்பளித் துண்டு. ஈரத்துணி போட ஒரு தனிப் பை. சவர்க்காரம், ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணீர், ஒரு சின்னக் கோப்பையும் கரண்டியும். இரண்டு ஜீவனி பைக்கற். டோர்ச். சார்ஜ் நிரம்பிய போன்.

ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். “அலைச்சலில் பால் வற்றிவிட்டது” என்று பலபேர் சொல்கிறார்கள். பயமும் களைப்பும் பால் இறங்குவதைக் கொஞ்ச நேரம் தடுக்கும், உண்மைதான். ஆனால் பிள்ளையை அடிக்கடி நெஞ்சோடு போட்டால் திரும்பவும் சுரக்கும். அதற்குத் தாய் சாப்பிட்டிருக்க வேண்டும், தண்ணீர் குடித்திருக்க வேண்டும். அப்பாமாரே, அந்தப் பையில் பிள்ளையின் அம்மாவுக்கும் ரொட்டியும் தண்ணீரும் வைப்பது உங்கள் வேலை.

பால்மா குடிக்கிற பிள்ளையாக இருந்தால், மாவைத் தனியாகவும் கொதித்த நீரை பிளாஸ்க்கில் தனியாகவும் கொண்டு போங்கள். வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு மட்டும் கரைத்து, ஆறவைத்துக் கோப்பையில் கொடுங்கள். மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். என் மகனுக்கு நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம்.

நடக்கிற பிள்ளைகளுக்கு ரொட்டி, அவித்த கிழங்கு, வாழைப்பழம், பிஸ்கட். கச்சானும் டொபியும் வேண்டாம். வண்டி குலுங்கும்போது தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வளைவுப் பாதையில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்குக் கிளம்புவதற்கு முன் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முன்பக்கம் பார்த்து உட்காரவையுங்கள். பெரியவர்களுக்கான வாந்தி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது ஆபத்து.

லொறியில் போவது

பாய், பானை, மேசை, டீவி எல்லாம் லொறியில் போகட்டும். பிள்ளைகள் மட்டும் லொறியில் போகவேண்டாம். சாமானுக்கு மேலே தாயையும் பிள்ளையையும் ஏற்றி, படங்கைப் போர்த்திக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பிரேக் போதும், அலுமாரி சரிவதற்கு. தாயும் பிள்ளைகளும் பஸ்ஸிலோ வானிலோ போகட்டும். பஸ்ஸில் கதவுப் பக்கம் வேண்டாம், நடு ஆசனம் நல்லது. வண்டி கிடைக்காவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள். அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம்.

லொறியில் கடைசியாக ஏற்றுவது, போனவுடன் முதலில் இறக்குவதாக இருக்கட்டும். அடுப்பு, தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தல், காய்ந்த விறகு ஒரு கட்டு, விளக்கு, பிள்ளையின் பாய், தொட்டில் கட்டுகிற சேலை. இருட்டுவதற்குள் பிள்ளைக்கு ஒரு காய்ந்த இடமும் கொதித்த நீரும் கிடைத்துவிட்டால் முதல் இரவு சமாளித்துவிடலாம்.

குளிரைப் பற்றி ஒரு சொல். பிறந்து கொஞ்ச நாளான பிள்ளையைத் துணிக்கு மேல் துணி சுற்றுவதைவிட, தாயின் நெஞ்சோடு தோல் படும்படி வைத்து, மேலே கம்பளி போர்த்துவது நல்ல சூடு. தலையை மூடுங்கள், முகத்தை மூடாதீர்கள். மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

சின்னதுகளின் மனசு

இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது என்று நினைக்க வேண்டாம். தகரத்தில் மழை விழுந்தால் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிற பிள்ளைகளை இந்த மண்டபத்திலேயே பார்க்கிறோம். “நாளைக்கு நாம் பஸ்ஸில் போகிறோம். அம்மாவும் வருகிறேன், அப்பாவும் வருகிறார். அங்கே நம்முடைய வீடு இருக்கிறது” என்று இரண்டு மூன்று நாளைக்கு முன்பே சொல்லுங்கள். ஒரு சின்னப் பையைக் கொடுத்து, தனக்குப் பிடித்த ஒரு சாமானைத் தானே வைக்கச் சொல்லுங்கள். உடைந்த பொம்மையாக இருந்தாலும் வைக்கட்டும்.

சட்டையின் உள்பக்கம் ஒரு துணித் துண்டில் பிள்ளையின் பெயர், அப்பா அல்லது அம்மா பெயர், தொலைபேசி இலக்கம் எழுதித் தைத்துவிடுங்கள். பஸ் நிலையத்தில் கை நழுவினால் அதுதான் பிள்ளைக்கு வாய்.

போய்ச் சேர்ந்த பிறகு

முதல் வாரத்திலேயே அந்தப் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம், நம் பேச்சில் மிட்வைஃப் அம்மாவிடம், பெயர் பதியுங்கள். தடுப்பூசியும் நிறை பார்ப்பதும் திரிபோஷாவும் அந்தப் பதிவு வழியாகத்தான் வரும். வேலைக்கு இறங்குமுன் பிள்ளைக்காம்பரா திறந்திருக்கிறதா, அங்கே குடிநீர் எப்படி என்று நேரில் போய்ப் பாருங்கள். பழைய பீலியில் தண்ணீர் தெளிவாக வந்தாலும் கொதிக்கவைத்தே கொடுங்கள்.

பிள்ளை பால் குடிக்க மறுத்தால், மூச்சு வேகமாக இழுத்தால், வலிப்பு வந்தால், கண் குழி விழுந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். காசு இல்லை. வண்டி ஏறிவர முடியாத லயமாக இருந்தால், எந்தச் சந்தி வரை தூக்கிவருவது, யார் தூக்குவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கடைசியாக ஒன்று

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது லயமும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் ஏறத்தாழ இரண்டு வருடம் இருந்து, 2016 ஒக்டோபரில்தான் புது வீடுகளுக்குப் போனார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் திரும்பவும் மண் சரிந்தது. மலை நம் பக்கத்திலேயேதான் இருக்கிறது. நாமும் அதன் அடியில்தான் வாழ்கிறோம்.

ஆகவே வீட்டுக்குப் போனதும் எல்லா மூட்டையையும் அவிழுங்கள், ஆனால் அந்தத் தோள் பையை மட்டும் அவிழ்க்க வேண்டாம். கதவுப் பக்கத்தில், இருட்டிலும் கை எட்டும் இடத்தில் ஒரு ஆணியில் மாட்டுங்கள். பிள்ளைக்கு ஒரு மாற்று உடுப்பும் ஜீவனி பைக்கற்றும் டோர்ச்சும் அதோடு இருக்கட்டும். பிள்ளை வளர வளர உடுப்பை மாற்றி வையுங்கள்.

சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு, திறக்க முடியாமல் இறுகும் கதவு, சாய்கிற மரம், இல்லாத இடத்தில் ஊற்று, ஓடிய ஊற்று திடீரென வற்றுவது அல்லது கலங்கி வருவது: இவை மலை தருகிற அறிவித்தல். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழையை விழிப்பு நிலையாகவும், 150 மில்லிமீற்றரை வெளியேற வேண்டிய நிலையாகவும் கணக்கெடுக்கிறது. சிவப்பு அறிவித்தல் வந்தால் துரை சொல்லட்டும், கங்காணி வரட்டும் என்று நிற்காதீர்கள். பையை மாட்டி, பிள்ளையைத் தூக்கிக் கிளம்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இன்றைக்கே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் திரும்பவும் ஓடவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பை ஆணியில் தொங்கியே பழசாகிப் போகட்டும். பிள்ளைகள் அந்த இஸ்தோப்பில் நடை பழகிப் பெரியவர்களாகட்டும். ஆனால் பை அங்கே இருக்கட்டும்.

கேள்வி இருந்தால் கேளுங்க. கிளினிக் கொப்பி இல்லாதவர்களும் பேர்ப்பதிவு செய்யாதவர்களும் போகாமல் இங்கேயே இருங்கள். இப்போதே எழுதிக்கொள்வோம்.