மூளையின் நடுவிடத்திற்கு வழி



மூளையிற் கட்டி என்று கேட்டவுடனே நம் இல்லங்களில் நம்பிக்கை அற்றுப்போகிறது. நட்ட நடுவே கட்டியென்றாலோ, ‘கத்தி வைத்தால் பிழைப்பதில்லை’ என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். அத்தீர்ப்பு நேரியதுதானா என்று ஆராய்வோம்.

மூளையின் ஆழத்தில், இரு பாதிகளுக்கும் நடுவே, பட்டாணியினும் சிறிய பினியல் சுரப்பி உளது. பெருஞ்சிரைகள் அதனைச் சூழ்ந்து செல்கின்றன. அங்கு எழும் கட்டியை, அச்சிரைகள் கெடாமல் அணுகுவதே அரிய செயல்.

1913இல் ஜெர்மானியரான பெடோர் கிரௌசே பிடரியைத் திறந்து, சிறுமூளையின் மேற்புறமாகச் சென்றார். நோயாளியை அமர்த்தி அறுக்குங்கால், சிறுமூளை தன் எடையாலேயே தாழ்ந்து வழிவிடும். சிரைகளும் பெரும்பாலும் கட்டிக்கு மேலே நிற்கும். 1921இல் அமெரிக்கரான வால்ட்டர் டாண்டி, இரு பாதிகளுக்கிடையே புகுந்து, அவற்றை இணைக்கும் நரம்புப் பாலத்தைப் பிளந்து செல்லும் வழியை வெளியிட்டார். எனினும், அக்காலத்தில் மாண்டோர் பலர். 1971இல் பென்னெட் ஸ்டைன், அறுவை நுண்ணோக்கியின் துணையால் கிரௌசேயின் வழியைப் புதுப்பித்த பின்னரே அச்சம் குறையலாயிற்று. கட்டி எப்பக்கம் பரவியுளதோ, அதற்கேற்ப வழியும் மாறும்.

நம் நாட்டில் இக்கலைக்கு வேரூன்றியவர்கள் 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் ஆவர்.

மற்றுமொன்று அறிதல் நன்று. எல்லாக் கட்டிகளையும் அறுத்தெடுக்க வேண்டுவதில்லை. ஜெர்மினோமா என்னும் வகை, கதிர் மருத்துவத்தாலேயே பெரும்பாலும் குணமாகும். ஆதலால் குருதியையும் மூளைநீரையும் சோதித்தும், உள்நோக்கிக் குழலாற் சிறு துணுக்கு எடுத்தும், இனம் தெளிந்த பின்னரே முடிவு செய்வர். தேங்கிய மூளைநீருக்கு அக்குழலாலேயே வழியும் திறப்பர்.

கொண்டாப்பூர்வாழ் நாம் உற்றாரை ஊரில் விட்டு வந்தவர்கள். காலையில் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, மேல்நோக்கிப் பார்க்க இயலாமை ஆகியன தோன்றின், பித்தமென்றும் கண்ணேறென்றும் நாட்கடத்தலாகாது. மருத்துவரிடம், ‘இது என்ன இனம்? எவ்வழியாக அணுகுவீர்கள்? அவ்வழியைத் தேர்ந்தது ஏன்?’ என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. மொழி அறியாதார்க்கு நம்முள் ஒருவர் துணை சென்று கேட்டுச் சொல்லுதல், சங்கம் வைத்து வாழும் நமக்குக் கடமையாகும்.